பொம்மைக்கு உடுப்பு மாற்றினாயா

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நல்ல சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர, அது மாடிப்படியைக் கண்டால் மட்டும் முனகும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், இங்கிருந்து எட்டிப் பார்க்கவா முடியும்.

கிழிந்த துணியைத் தைக்கச் சொல்லித்தரும் உன் வெப்சைட்டுக்கு ஆளே வருவதில்லை, இந்த மாதத்தோடு மூடிவிடப் போகிறேன் என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. சும்மா இருப்பேனா, நம் கடை லேபிளில் உன் வெப்சைட் பெயரையும் சேர்த்து அச்சடித்து வாங்கி, தைத்த சட்டையிலெல்லாம் கழுத்துக்கு உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். போட்டுக்கொண்டவன் தன் பிடரியை எப்படிப் படிப்பான், முதுகிலும் கண் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். எல்லாவற்றையும் தைத்து முடித்த பிறகு கேட்டார் பார், அதுதான் உன் அப்பா. கடைசியில் அதைப் படித்த ஒரே ஆள், துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கும், நம் கடைக்கு எதிரே இருக்கும் சலவைக் கடைக்காரர்தான். நேற்று சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, உதட்டுல ஊசிய வெச்சுக்கிட்டே திட்டுற அம்மான்னு உங்க பொண்ணு எழுதியிருக்கே, அது நீங்கதானே" என்று கேட்டார். நான் அதுவரை படம் மட்டுமே பார்த்திருந்தேன். அவர் போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன், பாதிக்கு மேல் எழுத்து கலங்கிப் போய்விட்டது, உன் எழுத்து அவ்வளவு பொடிசு.

கடை திறந்த புதிதில் ஈ காக்கை வராதே, நினைவிருக்கிறதா. கண்ணாடிக்குள் நிற்கும் கை உடைந்த பொம்மைக்குத் தினமும் நீதான் உடுப்பு மாற்றுவாய். மாற்றிவிட்டுப் புத்தகப் பையோடு தெருவில் இறங்கி, அதை முன்பின் பார்த்தே இராதவள் போல வாய் பிளந்து நிற்பாய். நீ பார்ப்பதைப் பார்த்து ஒருவர் நிற்பார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். கூட்டம் சேர்ந்ததும் நைசாக நழுவிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாய். மிஷினை மிதித்தபடி நான் உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். இப்போதும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது உன் இரட்டைப் பின்னல் அதில் தெரிகிற மாதிரியே இருக்கிறது.

அதனால் இன்று கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உன்னை யாரென்றே தெரியாதவள் போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க வந்த டீச்சரம்மா அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று குனிந்தார், அவர் தோளுக்கு மேலே அவர் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார், பிறகு இருவரும் தங்கள் போனில் திறந்துகொண்டார்கள். கிழிசல் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சலவைக் கடைக்காரரும் உன்னைப் பற்றித்தான் சொல்கிறாராம். லேபிளை இனிமேல் வெளியே தெரிகிற இடத்தில் வைத்துத் தைக்கிறேன், அப்பா வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணே. தலை துவட்டாமல் வெளியே போகாதே, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. மூடுகிற பேச்சை மட்டும் எடுக்காதே. நீ பாட்டுக்குத் தினமும் உடுப்பை மாற்று, தெருவில் நின்று பார்க்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உதட்டில் ஊசியோடு,
உன் அம்மா