மூன்று பூச்சுக்கு அடியில்

சார்,

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை, என் தங்கை மகன் தினேஷ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சட்டையிலிருந்து புதுப் பெயிண்ட் வாசனை உள்ளே வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது வெறும் பெயிண்ட். முப்பது வருஷம் உங்களுக்கு வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு மட்டும் முதுகில் ஐஸ் வண்டி ஓடியது.

“இன்னாடா, வேலையை வுட்டுட்டு பெயிண்டர் ஆயிட்டியா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

“லைனை நிறுத்திட்டு எங்களையே அடிக்கச் சொல்ட்டாங்க மாமா. ஒரே ஒரு பிரஸ்ஸுக்கு மட்டும். திங்கக்கிழமைலேர்ந்து நான்தான் அதுல” என்றான். தேர்வாய் கண்டிகையில், இரும்புத் தகட்டை பிரஸ் மிஷினில் அழுத்தி உருவம் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான்.

ஒரே ஒரு பிரஸ். அந்த இடத்தில் எனக்கு உங்கள் குரல் கேட்டது, சார்.

சாதாரணக் குரலா அது? நீங்கள் தொண்டையைச் செருமினால் திருவள்ளூர் கோர்ட்டுக் காக்கைகள் மொத்தமும் ஆந்திராவுக்குக் குடிபோகும். வேப்பம்பட்டில் மின்சார ரயில் சிக்னல் இல்லாமலே நிற்கும். அப்பேர்ப்பட்ட நீங்கள் ஒரே ஒரு முறைதான் கிசுகிசுத்தீர்கள். ஏழுமலையின் வழக்கில்.

ஏழுமலை பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்து, நாலே மாதத்தில் வலது கையின் நாலு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மிஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்; கை தப்பிக்கும். ஆனால் அன்றைய உருப்படிகளை முடிக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பொத்தானில் மூங்கில் ஆப்பைச் செருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கை பொத்தானில், இன்னொரு கை தகட்டில். “ஆப்பை அவனே செருகினான், தப்பு அவனுடையது” என்றது கம்பெனித் தரப்பு. அந்த வாதம் எடுபட்டால் ஏழுமலைக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது.

மிஷினை நேரில் பார்க்க உத்தரவு வாங்கினீர்கள். போனால், அது ரத்தக் கறை தெரியாதபடி பூசிய பச்சைப் பெயிண்டில் புது மாப்பிள்ளையாக மினுங்கிக்கொண்டு நிற்கிறது.

“இன்னா மேனேஜர் சார், மிஷினுக்குக் கல்யாணமா? எங்களுக்குப் பத்திரிகையே வெக்கலியே!” என்றீர்கள்.

“ரெகுலர் மெயின்டனன்ஸ், சார்.”

அவர்கள் பிடித்த பெயிண்டரோ எதையும் கழற்றாமல் பூசுகிற மகான். ஆப்பையும் சேர்த்துப் பூசியிருந்தான். மேனேஜர் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் பட்டது. ஸ்கூட்டர் சாவியால் ஆப்பைச் சுரண்டினீர்கள். பச்சை உதிர்ந்தது. அடியில் நீலம். அதற்கும் அடியில் சாம்பல் நிறம்.

“யோவ், எழுதிக்கோ” என்று என் காதோடு சொன்னீர்கள். “ஆப்பு மேல மூணு பூச்சு. இவன் வந்து நாலே மாசம்.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, அதே கிசுகிசுப்பில் கேட்டீர்கள்: “மேல் பூச்சு ஏழுமலைக்கு. முன்ன ரெண்டு பூச்சு யாருக்கு நைனா?”



ஜெயித்தோம். நான் ஊருக்கே போதும்படி லட்டு வாங்கி வந்தேன். நீங்கள் தொடவில்லை. “இன்னும் ரெண்டு பேரைத் தேடணும்யா” என்றீர்கள். தேடினோம். ஒரு பெயர்கூட அகப்படவில்லை. ரிஜிஸ்டரில் அப்படி யாரும் இருந்ததே இல்லையாம்.

அதற்கப்புறம்தான் உங்களுக்கு மனுப் பேய் பிடித்தது. விரல் போன மிஷினைத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது, பிரஷ்ஷோடு தொடவே கூடாது, அதை விதியாக்குங்கள் என்று எழுதினீர்கள், எழுதினீர்கள். அந்த மனுக்களை அடுக்கி மேலே ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டைத் துடைத்துவிட்டு வரலாம். கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள், டீ கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். கடைசி மனுவை ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதை நான் படித்தால் கேட்க நீங்கள் இல்லை.

தினேஷிடம் கேட்டேன்: “இதுக்கு முன்ன அந்த மிஷினை ஓட்டினது யாரு?”

“ஒடிசாக்காரன் ஒருத்தன். ஊருக்குப் போயிட்டானாம்.”

“உங்கிட்ட சொல்லிக்கினு போனானா?”

“இல்ல மாமா. கம்பெனி ரூம்ல அவன் பை அப்டியே கீது. செருப்பும் கீது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

“பொத்தான்ல ஆப்பு?”

“எல்லா மிஷின்லயும் கீது. எடுத்தா டார்கெட் வராது” என்றான். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அது மேலயும் சேத்துதான் அடிச்சோம்” என்றான்.

திங்கட்கிழமை காலை ஆய்வாளர் அலுவலகத்தில் என் கையெழுத்தில் மனு கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். இதுவரை யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. “என் வேலைக்கே வேட்டு வெச்சிட்டே” என்று சொன்னதோடு தினேஷ் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். தினமும் கம்பெனி பஸ் ஏறுகிறான். அந்த மிஷினில்தான் நிற்கிறான்.

உங்கள் அறைக்கு யார் வந்தாலும், முகத்துக்கு முன்னால் நீங்கள் கையைத்தான் பார்ப்பீர்கள். உங்கள் சொத்தில் என் பங்குக்கு வந்தது அந்தப் பழக்கம். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் விரல்களை எண்ணிவிட்டுத்தான் அட்சதை போட்டேன்.

நேற்று மாலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். தினேஷ் வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி இறங்கினான்.

“கையை வெளிய எடுடா!” என்று நடுரோட்டில் கத்தினேன்.

அவன் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக விரித்தான். “இந்தா, பத்தும் கீது. நல்லா எண்ணிக்கோ மாமா. நாளைக்கும் வந்து எண்ணு.”

எண்ணினேன், சார். அவனோடு இறங்கியவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.