என்னை மேஜராக்க வேண்டாம்

அனுப்புநர்:
கோரின் ஹாஸ்கெட், வயது பதினாறு,
பதினோராம் வகுப்பு, டன்மோர் மேல்நிலைப் பள்ளி,
கோல்வெல் மாவட்டம், ஒரிகன்.
(வீட்டு முகவரியைத் தெரிந்தேதான் எழுதவில்லை.)

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி ஐரீன் கால்டர் அவர்கள்,
சிறார் நீதிமன்றம், கோல்வெல்.

பொருள்: பதினெட்டு வயது நிறையுமுன் என்னை மேஜராக அறிவிக்கக் கோரி என் பெயரில் தாக்கலாகியுள்ள மனுவைத் தள்ளுபடி செய்யவும், என் அக்கா மார்லாவைத் தேட உத்தரவிடவும் வேண்டி.

மாண்புமிகு அம்மா அவர்களுக்கு,

1. வரும் அக்டோபர் 14 அன்று தங்கள் முன் விசாரணைக்கு வரும் மனுவில் உள்ள கையெழுத்து என்னுடையது. வாசகம் என்னுடையதல்ல. என் காப்பாளரான பெரியப்பா லைல் ஹாஸ்கெட் படிவத்தை அவரே வாங்கி வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நான் சுயமாக முடிவெடுக்கும் முதிர்ச்சி உள்ளவள்" என்ற வரியையும் அவர்தான் சொன்னார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

2. என் பெற்றோர் விபத்தில் இறந்த பிறகு ஆறு ஆண்டுகளாக அவர் வீட்டில் இருக்கிறேன். அவர் எங்களை அடித்ததில்லை, பட்டினி போட்டதும் இல்லை. அவர்மேல் பழி சுமத்தும் நோக்கத்துடன் இதை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

3. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே அக்டோபரில், என் அக்கா மார்லாவுக்கும் பதினாறு வயதில் தாங்கள் இந்த ஆணையை வழங்கினீர்கள். இருக்கையை விட்டு இறங்கி வந்து அவளுக்குக் கைகொடுத்து, "இனிமே உன் வாழ்க்கை உன் கையில, மார்லா" என்று வாழ்த்தினீர்கள். நான் கைதட்டினேன். வீடு திரும்பும் வழியில் பெரியப்பா எங்களுக்கு ஆப்பிள் கேக் வாங்கித் தந்தார். மூன்றாம் நாள், அவருடைய நண்பர் திரு. கிரேடி ஸ்டோவல் தமது வண்டியில் அவளை வேலைக்கு அழைத்துப் போனார். மலைமேல் வேட்டைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றை அவர் நடத்துகிறார். அங்கே தொலைபேசி கிடையாது. முதல் பனி விழுந்தால் ஏப்ரல் வரை சாலையும் கிடையாது.

4. பனி உருகியும் மார்லா வரவில்லை. கடிதமும் இல்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த திரு. ஸ்டோவலிடம் கேட்டேன். "அவ ஜனவரியிலயே கிளம்பிப் போயிட்டாளே, உங்கிட்ட சொல்லலையா?" என்றார். ஜனவரியில் அந்தச் சாலையில் ஒரு நாய்கூட இறங்கி வர முடியாது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

5. அக்காவைக் காணவில்லை என்று புகார் கொடுக்க, மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப்பின் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். துணை அதிகாரி கோப்பிலிருந்து தங்கள் ஆணையின் நகலை எடுத்துக் காட்டினார். "கோர்ட்டே உங்க அக்காவ மேஜர்னு சொல்லிடுச்சு. ஒரு மேஜர் பொண்ணு தங்கச்சிக்குக் கடுதாசி போடலன்னா அது குத்தமா? நீ போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றார். மைனராக இருந்திருந்தால் அன்றைக்கே பெயரைப் பதிந்து தேடியிருப்பார்களாம். இதையும் அவரேதான் சொன்னார். அம்மா, கோபத்தை மனுவில் எழுதக் கூடாது என்று எங்கள் பள்ளித் தட்டச்சு ஆசிரியை சொல்லித் தந்திருக்கிறார். மன்னிக்கவும், அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

6. என் மனுவுடன் திரு. ஸ்டோவல் தந்த வேலைக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. சமையலறை உதவி, தங்குமிடம் இலவசம் என்று இருக்கும். அதன் இரண்டாம் பக்கம், மூன்றாம் வரியைத் தயவுசெய்து பார்க்கவும். "மார்லா நல்ல உழைப்பாளி, அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று இருக்கிறது. பழைய கடிதத்திலேயே பெயரை மாற்றியிருக்கிறார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் மறந்துவிட்டார்கள்.

7. சென்ற மாதம் திரு. ஸ்டோவல் வீட்டுக்கு வந்து என் கால் அளவைக் கேட்டார். ஏழு என்றேன். "அட, அக்கா அளவுதான்" என்றார். மறுவாரம் ஒரு ஜோடி பனிக்காலணி கொண்டுவந்து தந்தார். காலணியின் நாக்குப் பட்டையில், உள்பக்கம், எம்.எச். என்று மையால் எழுதியிருந்தது. அது என் எழுத்து. மார்லா புறப்பட்ட அன்று காலையில் நான்தான் எழுதித் தந்தேன். கேட்டதற்கு, "அவ புதுசு வாங்கிக்கிட்டா" என்றார். காலணியின் அடிப்பகுதி சற்றும் தேயவில்லை. ஜனவரிப் பனியில் மலையிறங்கிப் போனவள் எதைப் போட்டுக்கொண்டு போனாள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

8. வானிலை அறிக்கைப்படி இந்த மாதக் கடைசியில் மலையில் பனி விழும். 17ஆம் தேதி என்னை அழைத்துப் போவதாக ஏற்பாடு. என் பெட்டியைப் பெரியப்பா ஏற்கெனவே கட்டிவிட்டார்.

9. ஆகவே என் மனுவைத் தள்ளுபடி செய்து, மார்லாவைத் தேட உத்தரவிடக் கோருகிறேன். மற்றவர்கள் இந்த ஆணையை விடுதலை என்கிறார்கள். எனக்கு வேண்டியது இன்னும் இரண்டு வருடம் மைனராகவே இருப்பது, நான் காணாமல் போனால் யாராவது தேடியே ஆக வேண்டிய வயதில் இருப்பது. வேறு எதுவும் கேட்கவில்லை.

10. இந்த மனுவின் நகலைக் காப்பாளருக்கு அனுப்புவதே நடைமுறை என்று நீதிமன்ற எழுத்தர் சொன்னார். இந்த ஒருமுறை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் என்னை மலைக்குக் கொண்டுபோக அவர்கள் 14ஆம் தேதி வரை காத்திருக்க மாட்டார்கள்.

11. கடைசியாக ஒன்று. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா நீதிபதியாக உட்கார்ந்து எனக்கு ஒத்திகை பார்க்கிறார். "இது உன் சொந்த விருப்பமா?" என்று கேட்பார். "ஆமாம் அம்மா" என்று நான் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லு. உங்க அக்கா எவ்ளோ அழகாச் சொன்னா!" என்பார். விசாரணையன்று அவர் எனக்கு நேர் பின்னால் இருப்பார், திரு. ஸ்டோவலும் இருப்பார். நான் தைரியசாலி இல்லை. தாங்கள் கேட்கும்போது நானும் சிரித்துக்கொண்டே "ஆமாம் அம்மா" என்றுதான் சொல்வேன். தயவுசெய்து என்னை நம்பாதீர்கள்.

இடம்: டன்மோர்
நாள்: 6 அக்டோபர் 1998

தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கோரின் ஹாஸ்கெட், மைனர்