அவள் இருக்கும் நாளில் நான் இல்லை

அன்பு மகள் சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. எல்லாம் வல்ல இறைவன் உன்னையும் மாப்பிள்ளையையும் நோய்நொடியின்றிக் காத்து வருகிறான் என்னும் உறுதியோடு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் உடலளவில் சுகம். உடலளவில் என்று ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது மாடியில் அம்மாவின் கட்டிலருகே இருக்கிறது. தவிரவும், நான் சொல்லப்போவதை நான் வாய் திறக்குமுன்னே அவள் கேட்டுவிடக்கூடும். பதறாதே. நீ உன் ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை குறைப்பட்டுக்கொண்டார். சாப்பிடுவதையும் இதைப் படிப்பதையும் உட்கார்ந்து செய்.

சென்ற முறை வந்திருந்தபோது, உன் ஆய்வுக்கூடத்தில் நீ காவல் காக்கும் அணுக் கடிகாரங்களைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். ஒரே மாதிரிச் செய்த இரண்டில் ஒன்றைத் தரையிலும் மற்றொன்றை மேசையின் மேலும் வைத்தால், பூமியின் இழுப்பு மேலே ஒரு துளி குறைவதால், மேலே இருப்பது கீழே இருப்பதை முந்தும் என்றாய். உலகம் முழுமைக்கும் பொதுவாக ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது என்றும் சொன்னாய். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் என்பதால் எனக்குப் புரியும்படி இன்னொன்றும் சொன்னாய். படத்தில் எல்லா ஊர்களும் ஒருங்கே இருக்கின்றன, விரல்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. காலமும் அப்படியே இருக்கலாம் என்று உங்கள் துறையில் பலர் எண்ணுகிறார்கள் என்றாய். முக்காலமும் ஒருங்கே காண்பவன் இறைவன் என்று காலையெழுந்து பாடுகிற எனக்கு அது வியப்பாக இல்லை; மகிழ்ச்சியாகவே இருந்தது. இன்று அதே சொற்களை நினைக்கவே பயமாக இருக்கிறது.

தொடக்கத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அழைப்புமணி அடிக்குமுன் அம்மா எழுந்து கதவருகே நிற்பாள். பால் பொங்குமுன் அடுப்பை அணைப்பாள். இது எல்லா இல்லத்தரசிகளுக்கும் கைவந்ததுதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் உன் சித்தி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து அவள் காலடியில் குனிந்து, “பரவாயில்லடி, பழைய கோப்பைதான், நகரு” என்றாள். கோப்பை சித்தியின் கையில் முழுதாக இருந்தது. அவள் திகைத்துத் திரும்பிய திருப்பத்தில்தான் அது விழுந்து உடைந்தது. சித்திக்குச் சிரிப்புத் தாளவில்லை. “அத்தான், அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில குப்பை கொட்டினவ இல்லையா, லைன் கிடைக்கிறதுக்கு முன்னாடியே ஹலோ சொல்றா” என்றாள். அதோடு விடாமல், “அவ மாடியில படுக்கிறா, நீங்க முட்டி வலின்னு கீழ படுக்கிறீங்க, பொண்ணு சொன்ன கணக்குப்படி அக்கா உங்கள முந்திட்டா” என்றும் சேர்த்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். நீ சொன்ன வேறுபாட்டை ஓர் ஆயுள் முழுதும் கூட்டினாலும் ஓர் இமைப்பொழுது தேறாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மாடிதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. காரணம் எனக்குத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

பிறகு அந்த இடைவெளி வளர்ந்தது. காலையில் நான் திருப்பாட்டு ஓதும்போது, ஓர் அடியை நான் எடுக்குமுன் அவள் முடித்திருப்பாள். நான் கேள்வி கேட்க வாய் திறந்தால், பதில் முந்தின நாளே சொல்லப்பட்டிருக்கும். வெயில் கொளுத்தும் பகலில் என் காய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டே, “குடை எடுத்துட்டுப் போங்கன்னா கேட்டாத்தானே” என்று என்னைக் கடிந்துகொண்டாள். நான் நனைந்து வந்தது அதற்கு மறுநாள் மாலை. மூளை நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளைஞர், பொறுமைசாலி. நாம் ‘இப்போது’ என்று உணர்வதை மூளை சற்றுத் தாமதமாகத்தான் தொகுத்துத் தருகிறது, அந்தத் தொகுப்பில் சிலருக்குப் பிசகு வரும் என்று விளக்கினார். திரையில் வெளிச்சம் தோன்றியதும் பொத்தானை அமுக்கும்படி ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொரு முறையும் அவள் விரல் முந்தியது. “அம்மா, லைட் வந்தப்புறம் அமுக்குங்க” என்றார். “வந்தப்புறம்தானே சார் அமுக்கறேன், உங்களுக்குத் தெரியலையா?” என்று இவள் அவரைப் பரிவோடு பார்த்தாள். இயந்திரத்தில் கோளாறு என்று அவர் அதை மூடிவைத்தார். எழுந்து வரும்போது அம்மா அவரிடம், “கட்டுப் பிரிச்சப்புறம் கை நல்லா மடங்குதா டாக்டர்?” என்று விசாரித்தாள். அவர் சிரித்தபடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. என்னை மட்டும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, “சார், தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே அம்மாவ இங்க கூட்டிட்டு வர வேண்டாம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

ஒன்றை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், சிட்டு. அவள் குறி சொல்பவளைப்போல எதையும் சொல்வதில்லை. வரப்போகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நடந்து முடிந்ததைப் பேசுவதுபோல, மிகச் சாதாரணமாகத்தான் பேசுகிறாள். அவள் இருக்கும் நாளில் அது நடந்து முடிந்துவிட்டது. நான் இருக்கும் நாளில்தான் இன்னும் நடக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருவருக்கும் பொதுவான ‘இப்போது’ இல்லாமல் போய்விட்டது.

இனி எழுதப்போவதை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படி. மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள், தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது என்று உன் சித்தியிடம் கேட்டு அம்மா கற்றுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அது என் வேலை. நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் காலை காப்பிக்கு மேசையில் அவளுடைய தம்ளர் ஒன்றுதான் இருந்தது. பிறகு என் அலமாரியைத் திறந்து சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். சித்தி பதறிப்போய், “என்னக்கா பண்றே? மனுஷன் குத்துக்கல்லாட்டம் முன்னாடி உக்காந்திருக்காரு, அவர் சட்டைய எடுத்துப் பொட்டியில வைக்கிறியே” என்று பிடுங்கினாள். அம்மா நான் அமர்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள். “யாருக்குக் குடுத்தாலும் சேராதுடி, அவருக்குக் கழுத்து மட்டும் தனியா வளர்ந்திருந்துது” என்றாள். சித்தி சிரிக்க வாய் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கேலி பேசுவதில்லை. வந்தாலும் வாசலருகேயே உட்காருகிறாள்.

இப்போது காலையில் அம்மாவே தனியாகத் திருப்பாட்டுப் பாடுகிறாள். நானும் கூடவே பாடுகிறேன். ஓரிடத்தில் நிறுத்தி, “இங்க அவர் எப்பவும் மூச்சு வாங்குவார்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அந்த நொடியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருப்பேன். உயிரோடு இருப்பவன் தன் வீட்டில் தன் துக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. எப்போது என்று அவளைக் கேட்டுவிடலாமா என்று பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நினைவு தெரிந்த நாள்முதல் பாடிவந்த பாட்டெல்லாம் இந்த ஒரு பயத்தை உதறத்தானே கற்றுக்கொடுத்தது. போவது எனக்குப் பெரிதில்லை. பொறுக்கமுடியாதது வேறொன்று. அவள் அழுகிறாள், சிட்டு. பட்டப்பகலில், என் கண்ணெதிரே, யாருமற்றவளாக அழுகிறாள். கணவனை இழந்தவளுக்கு ஊரும் உறவும் வந்து பக்கத்தில் உட்காரும். இவளுக்கு யார் வருவார்கள்? இழவு விழாத வீட்டுக்கு ஆறுதல் சொல்ல எவரும் வருவதில்லை. நேற்று முன்தினம் அவள் சுவரைப் பார்த்து, “ஒருத்தர்கூட வந்து பக்கத்துல உக்காரலையே” என்றாள்.

நேற்று ஒன்று நடந்தது. சித்தியிடம் அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவர் ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து ஒரு விஷயம் சொன்னார்டி. அந்தக் காலத்துல ஆபீஸ்லேர்ந்து தினமும் வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணுவாரே, எதிர்முனையில ஆளே கிடையாதாம். நான் ‘நம்பர் ப்ளீஸ்’னு சொல்றதக் கேக்கத்தான் புக் பண்ணாராம். திருட்டு மனுஷன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். மகளே, அந்த விஷயத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் இல்லை. வெட்கத்தால் இத்தனை காலம் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆனால் நான் சொன்னதாக அவள் நினைவில் இருக்கிறது. ஆகவே சித்தி போனபின் மாடியேறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியே சொன்னேன். அவள் திரும்பவில்லை, சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஆனாலும் நான் இன்று பேசுவது எங்கோ அவளுக்கு நினைவாகப் போய்ச் சேருகிறது என்பது எனக்கு உறுதியாயிற்று. அதனால் இனித் தினமும் அவள் அருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். பின்னால் அவளுக்குக் கைச்செலவுக்கு ஆகட்டும்.

நான் உன்னிடம் வேண்டுவது இதுதான். என்னை நலம் விசாரிக்க வராதே. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் பேசு. அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டு அவளைக் குழப்பாமல், தந்தையை இழந்த மகள் தாயிடம் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசு. நான் உயிரோடு இருக்கும்போது அதைச் சொல்ல உனக்கு நாக்கு எழாது என்று தெரியும். எழவேண்டும். முடிந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. வந்ததும் முதலில் என்னைக் கட்டிக்கொள்ளாமல் நேரே மாடிக்குப் போ.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லவேண்டும். சித்தி கையில் கட்டப்போகும் புதுக் கடிகாரம்வரை அம்மா எல்லாவற்றையும் பேசிவிட்டாள். உன்னைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீ பேசியதாகவும் இல்லை, பேசாததாகவும் இல்லை. வந்ததாகவும் இல்லை, வராததாகவும் இல்லை. உங்கள் துறையார் சொல்வதுபோல் எல்லா நாளும் வரையப்பட்ட படமாக முன்பே இருக்குமானால், அதில் உன் இடம் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று நான் இரவும் பகலும் யோசித்தேன். அது இன்னும் உன் கையில் விடப்பட்டிருக்கிறது என்றே கொள்கிறேன். இறைவன் அந்த ஒன்றை வரையாமல் விட்டிருக்கிறான்.

கண்களுக்கு ஓய்வு கொடு. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் நீடு வாழ்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் அதே நாளில் கேட்கும் பேறு பெற்று விளங்க எந்நாளும் வேண்டுகிறேன். மறவாதே, அம்மா மாலை வேளையில் தொலைபேசி அருகே இருப்பாள்.

இதை எழுதும்போது நலமாயிருக்கும்,
உன் அப்பா