திடப்படுத்தலுக்கு ஒரு தடை

1994 மார்ச் 6, ஞாயிறு

மழை. ஆராதனைக்கு வந்தது ஒன்பது பேர், அதில் இரண்டு கைக்குழந்தை. கேகாலையிலிருந்து மாதம் ஒரு தரம் வரும் குருவானவர் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், என் வரிசை வீட்டுப் பின்காம்பராவில் குனிந்து நின்று பிரசங்கம் செய்தார். காம்பராவைக் கொடுத்தது நான். மேசை செய்தது வீரபுத்திரன். அவர் திருநீறு பூசுகிற மனுஷன். "ஒங்க சாமிக்கும் ஆடாத மேச வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் மரப் பலகையை இழைத்தார்.

மேசைத் துணி துவைப்பது நான், அப்பத் தட்டைத் துடைப்பது நான். எனக்கு மட்டும் அப்பம் கிடையாது. பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தினால்தான் நற்கருணை. அடுத்தவள் புருஷனோடு இருக்கிறவளைத் திடப்படுத்த மாட்டார்களாம். வீரபுத்திரன் தாலி கட்டிய வெள்ளையம்மா இதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கிறாள். அவர் என்னோடு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. தாலிதான் பெரிசாம்.

1994 மார்ச் 7

வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும்போதும் அதே நினைப்பு. நான் என்ன திருடினேனா?

1998 நவம்பர் 15, ஞாயிறு

தோட்டத்துத் தொரை கொடுத்த துண்டு நிலத்தில் கோயில் எழும்பிவிட்டது! தகரக் கூரை, சிமெந்துத் தரை. பதினான்கு குடும்பம். மேட்டுக்குத் தகரம் சுமந்ததில் பாதி வீரபுத்திரன்.

ஆபீஸ் கிளாக்கர் இராசநாயகம் ஐயாதான் இப்போது சபைச் செயலாளர். யாழ்ப்பாணத்து ஆள். திடப்படுத்தலுக்கு என் பேரை எழுதச் சொன்னேன். "அந்தாளோட இருக்கிற வரைக்கும் எழுதேலாது, அம்மா. ஒழுங்கு எண்டா ஒழுங்குதான்" என்றார்.

"தகரம் தூக்க மட்டும் அந்தாளு வேணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

2002 ஜூன் 30, ஞாயிறு

முப்பத்தோரு குடும்பம். உட்கார இடமில்லை, பிள்ளைகள் வாசலில்.

நான் மூக்குத் துடைத்து, ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்த்த சுமித்ரா, போர்டிங் பள்ளியில் திடப்படுத்தல் வாங்கி வந்தவள், இன்றைக்கு அப்பம் வாங்க எழுந்து போகிறாள். திரும்பிப் பார்த்து, "ஆயம்மா, நீங்க வரலியா?" என்கிறாள். சின்னப் பிள்ளை, என்ன தெரியும். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அக்டோபர் 13 பேராயர் வருகிறாராம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதற்கு முன்னால் அவர் வந்து நாலு வருஷம். இன்னும் எத்தனை தரம் காத்திருப்பேன்?

2002 ஜூலை 7, ஞாயிறு

செய்துவிட்டேன்.

காலையில் அவர் துணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தேன். இருபது வருஷம் ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட மனுஷன், இப்போது நெஞ்சு பூராவும் சளி. இருமி முடித்துவிட்டு, "எங்க போவேன், ஜெயா?" என்று கேட்டார்.

"கட்டுனவ இருக்கால்ல. அங்க போங்க."

"மழ விட்டதும் போறேனே."

"இப்பவே போங்க. ஆராதனைக்கு நேரமாச்சு."

பையைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். ரப்பர் மலையில் இறங்கும்போது மூன்று தரம் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன். கம்பளியை மட்டும் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் அது என் பேருக்குக் கொடுத்தது. அது எனக்கு எதுக்கு? என்னிடம் இன்னொன்று இருக்கிறதே!

ஆராதனை முடிந்ததும் கிளாக்கர் ஐயா என் பேரை எழுதினார். "நல்ல காரியம்" என்றார்.

2002 அக்டோபர் 9

பேராயருக்குச் சுகமில்லையாம். அடுத்த வருஷம்தானாம்.

2002 டிசம்பர் 22, ஞாயிறு

வெள்ளையம்மா கோயிலுக்கு வந்திருக்கிறாள்! குருவானவர் மாதாமாதம் கீழ் டிவிஷனுக்குப் போய் வீரபுத்திரனுக்காக ஜெபிக்கிறாராம். அதிலிருந்து இவளுக்கும் பக்தி வந்துவிட்டதாம். மூன்றாம் பெஞ்சில், எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுப்பிவிட என் கை துடித்தது. எந்த வாயால் எழுப்புவேன்?

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

2003 பெப்ரவரி 11

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் சொன்னார்கள். விடியும்போது போய்விட்டாராம்.

போனேன். வெள்ளையம்மாவைச் சுற்றிப் பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு கிழவி, "இவ எதுக்கு வந்தா?" என்று சத்தமாகவே கேட்டாள். பின்னால் நின்றேன். முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

2003 பெப்ரவரி 16, ஞாயிறு

கிளாக்கர் ஐயா துக்கம் விசாரித்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்: "நீங்கள் விடாட்டிலும் இப்ப தடை இல்லைத்தானே, அம்மா. ஆள் செத்ததோட அது தன்பாட்டில போச்சுது."

ஏழு மாசம். ஐயோ, ஏழே ஏழு மாசம் பொறுத்திருந்தால்! என் காம்பராவில், என் கஞ்சியைக் குடித்துவிட்டு, என் மடியில் போயிருப்பார். எனக்கு இரண்டும் கிடைத்திருக்கும். பாவி, பாவி, பாவி.

2003 ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

வெள்ளையம்மாவுக்கு ஞானஸ்நானம். தண்ணீர் தூக்கி வைத்தது நான்.

2003 ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேராயர் வந்தார். பதினெட்டுப் பேர். வெள்ளையம்மாவைத் தோட்டமே மதிக்கும் விதவையாக முதலில் நிறுத்தினார்கள். அடுத்தது நான். பேராயரின் கை கனமாக, சூடாக இருந்தது. பிறகு பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கிண்ணம் அவள் வாயிலிருந்து நேரே என் வாய்க்கு வந்தது. குடித்தேன்.

வெளியே குழாயடியில் வெள்ளையம்மா என் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு மனசுல ஒண்ணும் வச்சிக்கக் கூடாதுன்னு ஃபாதர் சொன்னாரு. கடைசி மூணு நாளும் ஒன்னதான் கேட்டாரு, ஜெயம்மா. ஜெயாவ வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு. நாந்தான் ஆள் அனுப்பல. என்ன மன்னிச்சிரு."

மன்னித்தேன் என்றேன். அவள் அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

ஆள் அனுப்பியிருந்தால் போயிருப்பேனா? அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். போயிருக்க மாட்டேன். திடப்படுத்தல் லிஸ்டில் என் பேர் இருந்தது.