கீப் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

நேற்று ஜங்ஷன் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், ஒரு ரொட்டிக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே பழக்கேக் வெந்துகொண்டிருந்தது. தீய்ந்த சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் கலந்த அதே வாசனை. முட்டை போட்டது என்பதால் உங்கள் கேக்கை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மார்கழி பிறந்தால் வாசனை தானாக வந்துவிடும். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

இங்கிலாந்திலிருந்து உங்கள் தம்பி மகள் எழுதிய கடிதம் போன மாதம் வந்தது. நீங்கள் இறந்துவிட்டதாக நாலே வரி. அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஸ்ரீரங்கத்து வீட்டில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை வருகிறார். மாமியார் காலமாகிவிட்டார். குழந்தைகள் இல்லை. காலையில் கோவில் மணி, மாலையில் கோவில் மணி, நடுவில் நான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் பொன்மலைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியைத் தாண்டி எங்கும் இருந்து பழகாதவள். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும், ஆண்கள் எல்லோரும் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் தெருவே காலி. பேச ஆள் இல்லாமல் சமையலறைப் பாத்திரங்களைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த நீங்கள்தான் ஒருநாள் கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, அந்த வெண்கலப் பானை பாவம், விட்டுவிடு என்றீர்கள்.

காலனியில் உங்களைச் சட்டைக்காரம்மா என்பார்கள். கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண்கள் எல்லோருக்கும் அங்கே அந்தப் பெயர்தான். காலனிப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் டீச்சர். கணவர் ரயில் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்து காய்ச்சலில் இறந்தவர். அவரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே எஞ்சினில் ஓடிய தமிழ் டிரைவர் ஒருவர், மனைவியை இழந்து, கண்பார்வையும் போய், ரிட்டயரானபின் போக்கிடம் இல்லாமல் நின்றார். பெரியவரைத் தனியாக விட்டுவிடாதே என்று உங்கள் கணவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டாராம். நீங்கள் சரி என்றீர்களாம். அதற்காக அவரை உங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு வைத்துக்கொண்டீர்கள். அவருக்குச் சோறு வடித்தீர்கள், ரசம் வைக்கக்கூட என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டீர்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் இங்கிலீஷில் மட்டும் தோற்றவள். மறுபடி எழுத வேண்டும் என்று ஆசை. அகராதியைப் பிரித்தால் கீப் என்ற ஒரே ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் நிறைய அர்த்தம் போட்டிருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது? நீங்கள் அகராதியை மூடச் சொன்னீர்கள். கறிகாய்க்காரியிடம் மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்றீர்கள், அது கீப். கொல்லையில் நாலு கோழி வளர்த்தீர்கள், அதுவும் கீப். சித்திரை வெயிலில் பால் சாயங்காலம் வரை தாங்காது. கெடாமல் இருப்பதும் கீப்தானாம். முன்னறையில் டிரைவர் இருமிக்கொண்டே இருந்தார். "கேளு, ஹீ கீப்ஸ் காஃபிங். விடாம ஒண்ணைச் செஞ்சுட்டே இருந்தா அதுவும் அதுதான்" என்றீர்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதும் கீப் என்று கடைசியாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்த அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஓர் அர்த்தம் இருப்பதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

குழாயடியில் அதை நான் பல நாள் கேட்டிருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது, "டிரைவரோட கீப் போகுது பாருங்க" என்பார்கள். வைப்பாட்டி என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட இங்கிலீஷ் வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். நானும் குடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டீர்கள். "என்னைப் பாத்தா கீப், கீப்னு சொல்றாங்க. வார்த்தை எங்களோடது. ஆனா அதை நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. கெட்ட அர்த்தமா?"

அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலை நிமிராமல், "பாத்துக்கறவான்னு அர்த்தம். டிரைவரைப் பாத்துக்கறேள் இல்லையா, அதைத்தான் சொல்றா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தீர்கள். அப்புறம் உங்கள் முகம் தெளிந்தது. அப்படியானால் நல்ல வார்த்தைதான் என்றீர்கள். உங்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். நான் சொன்னதால் நம்பினீர்கள்.

அந்த ஆடி மாதம் டிரைவர் இருமி ரத்தம் கக்கினார். இவர் வேலைக்குப் போயிருந்தார். நாம் இருவருமே அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி, ஊருக்குள் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு எழுதுகிற குமாஸ்தா பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார். பிறகு உங்களைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். மனைவியா என்றார், இல்லை என்றீர்கள். மகளா என்றார், இல்லை என்றீர்கள். உறவு எழுதாமல் சேர்க்க முடியாது என்றார் அவர். டிரைவர் பெஞ்சில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நீங்கள் ஒருமுறை அவரைப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் அவரோட கீப்" என்றீர்கள்.

குமாஸ்தாவின் பேனா நின்றது. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள், அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்களுக்கு அது போதுமாக இருந்தது.

உள்ளேயிருந்து வந்த ஒரு நர்ஸ், உறவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று டிரைவரை அழைத்துப் போய்விட்டார். அவரைச் சேர்த்துவிட்டு நாம் திரும்பும்போது வண்டி மலைக்கோட்டைக் கடைவீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அங்கேதான் பேசினீர்கள்.

"நீ பொய் சொன்னதுக்குக் கோபம் இல்ல. என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னே. அவங்க சிரிச்சப்ப நீயும் என்னோட நிக்கலையே, அதான்."

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. வீடு வரும்வரை கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

டிரைவர் பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். ஐந்து மாதம் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. நீங்கள் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது, மருந்து குடிக்கச் சொல்லி அதட்டுவது, இருமல். எதிரில் பார்த்தால் சிரித்தீர்கள். மறுபடி பரீட்சை எழுதப் போகிறாயா என்றுகூடக் கேட்டீர்கள். ஆனால் கொல்லைச் சுவருக்கு மேல் உங்கள் தலை அப்புறம் தெரியவே இல்லை. நானாக வந்து கூப்பிட்டிருக்கலாம். தினமும் நாளைக்கு என்று நினைத்தேன்.

அவர் இறந்து பதினாறாம் நாள், இங்கிலாந்துக்குத் தம்பியிடம் போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஜங்ஷனில் வண்டி ஏற்றிவிட நானும் இவரும் வந்தோம். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள், பரீட்சையை விடாதே என்றீர்கள். வண்டி போனபிறகு பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ, இவர் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். பரீட்சை எழுதினேன், தேறினேன். கடிதம் போட்டேன். வாழ்த்தி பதில் எழுதினீர்கள். அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. டிரைவர் இறந்த மறுநாள் காலை குழாயடியில், கீப்புக்கு இனிமேல் யார் என்று ஒருத்தி கேட்டாள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். "அவா பெத்த அப்பாவுக்குப் பண்றாப்பல அவருக்குப் பண்ணினா. இனிமே டீச்சர்னு சொல்லுங்கோ. இல்லேன்னா அவாளைப் பத்தி என் முன்னாடி பேசாதீங்கோ" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னோடும் யாரும் அதிகம் பேசவில்லை. இவருக்கு மாற்றல் வரும்வரை அந்தக் குழாயடியில் நான் தனியாகத்தான் தண்ணீர் பிடித்தேன்.

ஜங்ஷனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டியதை அந்தப் பெரியவர் போனபிறகு சொல்லிவிட்டு, உங்களிடம் நல்ல பெயர் வாங்குவதா என்று வாயை மூடிக்கொண்டேன். கடிதத்திலும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தபின். அன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருந்தால் தேவலை. குழாயடிக்கும் உங்கள் வீட்டுக்கும் நாற்பது அடி இருக்கும். என் குரல் அவ்வளவு தூரம் வந்திருக்காது.