இரண்டு வீட்டுக் கிணறு

பதுளை,
6-12-1912

அன்புள்ள ரெங்கம்மாவுக்கு, ஸைனப் ஸலாத்துடன் எழுதுவது.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். என் தம்பி ஜுனைதீன் போய்விட்டான். கொழும்புக் கடையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. டைபாயிட் என்றார் டாக்டர். பிறகு நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் வந்து நின்றார். எங்கள் கக்கூஸ் குழி கிணற்றுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறதாம். நோயாளியின் மலத்திலுள்ள கிருமி, மழையோடு மண்ணுக்குள் இறங்கி ஊற்றில் கலந்துவிடுமாம். கண்ணுக்குத் தெரியாதாம், தண்ணீரின் நிறம்கூட மாறாதாம். கொதிக்க வைத்தால் செத்துப்போகுமாம்.

உன் அம்மாவிடம் சொன்னேன். "போடி, ஒங்க ரெண்டு பேரையும் இந்தத் தண்ணிய ஊத்தித்தானே வளத்தேன்?" என்று சிரித்துவிட்டு வாளியை இறக்கினார். நீ சொன்னால் கேட்பார். எழுதுவாயா?

உன் ஸைனப்

ஹல்துமுல்லை,
14-12-1912

பிரியமுள்ள ஸைனப்புக்கு,

ஜுனைதீனை நினைத்து அழுதேன். நாம் ஆளுக்கொரு பக்கம் நின்று இறைக்கும்போது இரண்டு கயிற்றையும் பின்னிவிட்டு ஓடுவானே! வாளிகள் மோதி நம்மேல் தெறிக்கும். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் தோளில் இருக்கிறது.

இவருடைய கடைக்குப் பக்கத்தில் மலைத் தண்ணீர் பீலியில் கொட்டுகிறது. என் நாக்குக்கு அது இரும்பு. மசக்கையில் நான் மாங்காய் கேட்கவில்லை, நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் கேட்டேன். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் அது உனக்கு விஷமாகிவிட்டதா? அம்மாவுக்கு நான் எழுதவில்லை. தை பிறந்ததும் பிரசவத்துக்கு வந்துவிடுவேன். முதல் வாளி நான்தான் இறைப்பேன், பார்.

ரெங்கம்மா

பதுளை,
9-1-1913

ரெங்கம்மா,

உன் அம்மா படுத்துவிட்டார். அதே காய்ச்சல். கிணற்றுக்குப் பலகை அடித்துவிட்டோம். உன் அண்ணன் பலகையைப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் புஹாரி ஆணி அடித்தார். சத்தம் அம்மாவுக்குக் கேட்டது. "எதுக்குடி மூடுறீங்க? புள்ள வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை நான்தான் கரண்டியால் ஊட்டுகிறேன். ருசியில்லை என்று முகம் சுளிக்கிறார். ஆனாலும் குடிக்கிறார்.

நீ வரக்கூடாது. இந்தக் காய்ச்சல் இப்போது உனக்கு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்கிறார் டாக்டர். அம்மாவிடம் அதைச் சொன்னேன். கரண்டியைக் கையால் விலக்கினார். பிறகு, "வர வேணாம்னு எழுது" என்றார்.

வண்டி பிடிக்காதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஸைனப்

ஹல்துமுல்லை,
23-3-1913

ஸைனப்,

உன் கடிதம் வந்தபோது நான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். படித்துவிட்டு இறங்கினேன். அம்மா போன செய்தி வந்த அன்று உன் பெயரைச் சொல்லி என்னென்னவோ திட்டினேன். பிறகு நீ எழுதியதற்கெல்லாம் நான் பதில் போடவில்லை.

அண்ணன் வந்திருந்தார். கடைசிவரை அம்மாவின் தலை உன் மடியில்தான் இருந்தது என்றார். அது என்னுடைய இடம், ஸைனப். கோபம் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்றுதான் எனக்கே தெரியவில்லை.

மகள் பிறந்திருக்கிறாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். பிள்ளையைக் குளிப்பாட்ட எனக்குக் கை வரவில்லை. தேயிலைத் தோட்டத்து இராக்கம்மாதான் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து ஊற்றிவிட்டுப் போகிறாள். பார்க்க வருகிறவர்களெல்லாம், "தாய் வீட்டுலருந்து யாரும் வரலியா?" என்று கேட்கிறார்கள்.

"வருவாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன். வா.

ரெங்கம்மா