பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள்

ஸ்கீவ, டென்மார்க், 8 ஏப்ரல் 1986

சுதர்சினியின் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் வர வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ குழப்படி செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பிடித்து இருத்தி விசாரித்தேன். "நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

10 ஏப்ரல்

வகுப்பில் எல்லாருடைய தாய் தகப்பனும் பிள்ளைகளோடு இருந்தார்கள்! குட்டிக் கதிரை, கோப்பி, கேக். ரீச்சர் கியர்ஸ்டன் உள்ளே வர, நானும் இவரும் துள்ளி எழும்பினோம். வேறு ஒரு சனமும் அசையவில்லை.

கூட்டம் முழுக்க ரீச்சர் எங்களிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டே இருந்தா. நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். கடைசியில் தனியே சொன்னா: கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் வாயே திறக்கிறாள் இல்லை, இப்படியே இருந்தால் அடுத்த வருசமும் இரண்டாம் வகுப்புத்தான். இவர் தன் இங்கிலீசில் "ரெண்டு அடி போடுங்கோ, கதைப்பாள்" என்றார். ரீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

11 ஏப்ரல்

"ஏன் வகுப்பில கதைக்கிறேல்லை?"

"நீங்களும்தானே கூட்டத்தில கதைக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

எவ்வளவு வாய்! அந்த வாயை அங்கே கொண்டுபோனால் என்ன?

24 ஏப்ரல்

மறுபடி கூட்டம். வகுப்போடு கடற்கரையில் முகாமாம், இரண்டு இரவு. பெடியளும் பெட்டையளும் ஒரே மண்டபத்தில் படுக்கையாம்! எல்லாரும் தலையாட்டினார்கள். சுதர்சினி என்னையே பார்த்தாள்.

கையை உயர்த்திவிட்டேன். படித்த டெனிஷ் எல்லாம் எங்கே ஓடியதோ! "என் பிள்ளை... பொம்பிளைப் பிள்ளை... எனக்குப் பயம்." அவ்வளவுதான் வந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பின்னால் ஒரு தாய், "எனக்கும் அந்த யோசனைதான்" என்றா. பிறகு ஒரே விவாதம். கடைசியில் பெட்டைகளுக்குத் தனி அறை என்று முடிவாகியது.

"அப்படியென்றால் தவமலரும் சமைக்க வரலாமே" என்றா கியர்ஸ்டன் என்னைப் பார்த்து. வாய் திறந்ததற்குத் தண்டனை. ஓம் என்றேன்.

28 மே, முகாம்

என் டெனிஷை ஒரு பிள்ளையும் சட்டை செய்யவில்லை. ஒரு பெடியன் வெங்காயத்தைத் தோலோடு வெட்டுகிறான். நான் சொல்லச் சொல்லச் சிரிக்கிறான். சுதர்சினிக்குப் பொறுக்கவில்லை. வாங்கில் ஏறி நின்று, அகப்பையை நீட்டி, டெனிஷில் போட்டாளே ஒரு சத்தம்! "அம்மா சொல்லுறது விளங்கேல்லையோ? முதல்ல தோலை உரி!" குசினியே அடங்கிவிட்டது. வாசலில் கியர்ஸ்டன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பழியை வெங்காயத்தில் போட்டேன்.

13 யூன்

மூன்றாம் வகுப்பு!!

9 செப்டெம்பர்

மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை எங்களை மட்டும். இந்த முறை உண்மையாகவே குழப்படிதான். பாடம் நடக்கும்போதும் சுதர்சினியின் வாய் ஓய்கிறதில்லையாம், வீட்டில் கொஞ்சம் சொல்லி வைக்கட்டாம்.

இவர் எழும்பி நின்று ரீச்சருக்கு நன்றி சொன்னார். நான் இன்னொரு கோப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.